சுமை யார் தலையில்?
மென்களிமண்ணில் தூண்கள் நட்டுச் சாலை அமைக்கும் கதை

2006ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் மாலை. ஸ்வீடன் நாட்டின் மேற்குப் பகுதியில், முங்கெடால் என்னும் ஊருக்கு அருகே, இ-6 என்ற பெருஞ்சாலையில் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. திடீரென்று சாலை அலை போல நெளிந்தது. பாளம் பாளமாகப் பிளந்து பள்ளத்தாக்கை நோக்கி நழுவியது. சில வண்டிகளும் அதனோடு சரிந்தன. பக்கத்திலிருந்த ரயில் பாதையும் பெயர்ந்து போயிற்று. நல்ல வேளையாக ஒருவரும் உயிரிழக்கவில்லை.

அன்று நிலநடுக்கம் எதுவும் ஏற்படவில்லை. சாலையைப் புதுப்பிப்பதற்காக அருகில் குவிக்கப்பட்டிருந்த மண்ணின் எடையே கீழிருந்த களிமண்ணைப் பொறுமை இழக்கச் செய்தது என்று பின்னர் நடந்த ஆய்வு காட்டியது.

மண்ணைக் கொட்டினால் தரை சரியுமா? சரியும். ஆகவே மெத்தென்ற தரையில் சாலைக்கோ ரயிலுக்கோ உயரமான மண்கரை அமைக்கும் பொறியாளர், முதலில் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும்: இந்த எடையை யார் சுமக்கப் போகிறார்கள்? மாணவ நண்பர்களே, இந்தக் கேள்வியை எப்படி அணுகுகிறார்கள் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம். இதற்குப் பள்ளிக்கூடக் கணக்கே போதும்.

பனிக்கட்டி விட்டுச் சென்ற சொத்து

ஸ்வீடனில் ஏன் இந்தத் தொல்லை? சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்வரை அந்த நாட்டின் மேல் தடித்த பனிப்பாளம் படர்ந்திருந்தது. அது பாறைகளை அரைத்து நுண்ணிய துகள்களாக்கியது. பனி உருகியபோது, அத்துகள்கள் நீரோடு சென்று கடலில் படிந்தன. பனிப்பாளத்தின் எடை நீங்கியதும் நிலம் மெல்ல மெல்ல மேலெழும்பிற்று. அன்றைய கடலடி இன்றைய வயல்வெளி ஆயிற்று.

இப்படிப் படிந்த களிமண்ணை நுண்ணோக்கியில் பார்த்தால், சீட்டுக்கட்டு வீடு போலத் தட்டையான துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். இடையிலெல்லாம் நீர். பல இடங்களில் களிமண்ணின் எடையும் அதிலுள்ள நீரின் எடையும் ஏறக்குறைய ஒன்றுதான். சில இடங்களில் மழைநீரும் ஊற்றுநீரும் ஊடுருவி, பழைய கடலுப்பைக் கழுவிக் கொண்டு போய்விட்டன. உப்பு நீங்கிய களிமண்ணைக் கலைத்தால் அது கூழாகி ஓடும். முங்கெடால் அருகே ஓடியது அத்தகைய களிமண்தான்.

இந்த மண் எவ்வளவு சுமக்கும்? மென்களிமண்ணின் நறுக்கு வலிமை சதுர மீட்டருக்குச் சுமார் 1.2 டன் என்று வைத்துக் கொள்வோம். நறுக்கு வலிமையைப் போல ஐந்து மடங்கு அழுத்தம் தந்தால் களிமண் பிதுங்கி வழியும் என்பது மண்ணியலில் ஒரு தோராய விதி. ஐந்து மடங்கு என்றால் 6 டன். ஒரு கன மீட்டர் நிரப்பு மண் 2 டன் எடை கொண்டது. ஆகவே 3 மீட்டர் உயரம் மண் கொட்டினாலே தரை தோற்றுவிடும். ஆனால் ஒரு பாலத்தை எட்டிப் பிடிக்கச் சாலைக்கு 4 மீட்டர், 6 மீட்டர் உயரம்கூட வேண்டியிருக்கும்.

மண்ணுக்குள்ளேயே ஒரு தூண்

களிமண்ணைத் தோண்டி எடுத்துவிடலாம். ஆனால் 10 மீட்டர், 20 மீட்டர் ஆழத்துக்கு யார் தோண்டுவது? இரும்பு அல்லது கான்கிரீட் முளைகளை அடிக்கலாம்; செலவு மிகுதி. 1967ஆம் ஆண்டில் ஸ்வீடனைச் சேர்ந்த செல் பாவுஸ் என்பவர் ஒரு புதுவழி சொன்னார்: களிமண்ணை அகற்ற வேண்டாம், இருக்கும் இடத்திலேயே சுட்ட சுண்ணாம்பைக் கலந்து அதைக் கெட்டியாக்குவோம். ஏறக்குறைய அதே காலத்தில் ஜப்பானின் துறைமுக ஆராய்ச்சி நிலையத்திலும் இதே கருத்து முளைத்தது.

வேலை நடக்கும் விதம் சுவையானது. நீண்ட தண்டின் நுனியில் மத்து போன்ற அலகு ஒன்று இருக்கும். அதைச் சுழற்றியபடி களிமண்ணில் இறக்குவார்கள். வேண்டிய ஆழம் சென்றதும், சுழற்றிக்கொண்டே மேலே இழுப்பார்கள். அப்போது அழுத்தக் காற்றின் வழியே சுண்ணாம்புப் பொடியும் சிமெண்டும் தண்டின் உள்ளே சென்று நுனியில் பீறிட்டுக் களிமண்ணோடு கலக்கும். நீர் ஊற்றத் தேவையில்லை. களிமண்ணில்தான் நீர் தேவைக்கு மேல் இருக்கிறதே! சுட்ட சுண்ணாம்பு அந்த நீரைக் குடித்துச் சூடேறி நீற்றுப்போகும். சிமெண்டு துகள்களைப் பிணைக்கும். சில வாரங்களில் 60 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு தூண் மண்ணுக்குள்ளேயே உருவாகிவிடும். இதுபோல நூற்றுக்கணக்கான தூண்களை வரிசை வரிசையாக நட்டு, அவற்றின் மேல் மண்கரை எழுப்புவார்கள்.

இந்தத் தூண் கான்கிரீட் தூணைப் போல விறைப்பானதன்று. களிமண்ணைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு விறைப்பாக இருந்தாலும், பாரம் ஏறினால் தானும் சற்றுக் குறுகும். அதனால்தான் சுமையைத் தூணும் களிமண்ணும் பங்கு போட்டுக் கொள்கின்றன. அந்தப் பங்கு எவ்வளவு?

செங்கல்லும் தலையணையும்

தரையில் ஒரு செங்கல்லை வையுங்கள். பக்கத்தில் அதே உயரமுள்ள இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றை வையுங்கள். இரண்டின் மேலும் சாயாதபடி ஒரு பலகையை இட்டு அதன்மேல் நில்லுங்கள். உங்கள் எடையை யார் தாங்குவது? செங்கல்தான். தலையணை அமுங்கினால்தானே சுமக்கும்? செங்கல் அதை அமுங்கவிடுவதில்லையே!

இதில் ஒரு விதி ஒளிந்திருக்கிறது. சேர்ந்து நிற்கும் இரண்டு பொருள்கள் ஒரே அளவு அமுங்குமானால், அவை தம் விறைப்பின் விகிதத்தில் சுமையைப் பங்கிட்டுக் கொள்ளும். தூண்களிடைப் பொறியியலின் முதல் மாதிரி இதுவே. மாதிரி என்றால் பொம்மை என்று எண்ணிவிடாதீர்கள். உண்மையைக் கணக்குக்கு அடங்கும்படி எளிமையாக்கிக் காட்டும் ஒரு கருத்துப் படம் என்பது பொருள்.

பெரிய மண்கரையின் நடுப்பகுதியை மேலிருந்து பாருங்கள். தூண்கள் சதுரக் கட்டங்களின் மையப் புள்ளிகளாகத் தெரியும். ஒவ்வொரு தூணுக்கும் ஒரு கட்டம் சொந்தம். எல்லாக் கட்டங்களும் ஒன்றுபோலவே இருப்பதால், ஒரே ஒரு கட்டத்தை ஆராய்ந்தால் போதும். இதற்கு 'அலகுக் கட்டம்' என்று பெயர் கொடுப்போம்.

இப்போது கணக்கு.

தூண்களின் இடைவெளி மையத்திலிருந்து மையத்துக்கு 1.2 மீட்டர். எனவே கட்டத்தின் பரப்பு 1.44 சதுர மீட்டர். தூணின் ஆரம் 0.3 மீட்டர், அதன் பரப்பு 0.283 சதுர மீட்டர். ஏறக்குறைய கட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு தூண், நான்கு பங்கு களிமண்.

மண்கரையின் உயரம் 4 மீட்டர். ஆகவே அழுத்தம் சதுர மீட்டருக்கு 8 டன். (மின்விசிறியின் வேகத்தைப் போலவே அழுத்தத்துக்கும் பல அளவைகள் உண்டு, சதுர மீட்டருக்கு 1 டன் எடை என்பது ஏறக்குறைய 10 கிலோபாஸ்கல்.)

களிமண் படுகையின் தடிப்பு 10 மீட்டர். சதுர மீட்டருக்கு 1 டன் ஏற்றினால் களிமண் தன் உயரத்தில் நூறில் ஒரு பங்கு குறுகும் என்று கொள்வோம். தூண் அதே அளவு குறுக 16 டன் வேண்டும். அதாவது தூண் 16 மடங்கு விறைப்பு.

முதலில் தூணே இல்லையென்று வைத்துக் கொள்ளுங்கள். 8 டன் முழுதும் களிமண்ணின் தலையில். நூறில் எட்டுப் பங்கு குறுகும்; 10 மீட்டருக்கு 80 சென்டிமீட்டர் அமிழும். அதற்குள் பிதுங்கிச் சரியாமல் இருந்தால்தான் இதுவும்!

இப்போது தூண்கள் வந்துவிட்டன. களிமண்மீது சதுர மீட்டருக்கு 'க' டன் அழுத்தம் என்போம். இரண்டும் ஒரே அளவு அமிழ்வதால் தூண்மீது 16க. கட்டத்தை ஐந்து சமபங்காகப் பார்த்தால்,

(1 × 16க) + (4 × க) = 5 × 8
20க = 40
க = 2

களிமண்மீது 2 டன்; தூண்மீது 32 டன். அமிழ்வு நூறில் இரண்டு பங்கு, அதாவது 20 சென்டிமீட்டர். எண்பது இருபதாகக் குறைந்துவிட்டது! ஐந்தில் ஒரு பங்கு இடத்தில் நிற்கும் தூண், மொத்தச் சுமையில் நூற்றுக்கு எண்பது பங்கைத் தன் தோளில் ஏற்றுக்கொண்டது.

தூணுக்கும் ஓர் எல்லை உண்டு

இத்துடன் பேனாவை மூடிவிடலாமா? கூடாது. 32 டன்னைத் தூண் தாங்குமா என்று நாம் கேட்கவே இல்லையே!

சுண்ணாம்பு-சிமெண்டுத் தூண் பாறையன்று. நீண்ட காலம் பாரம் நிற்குமானால், உடையும் அளவைவிடக் குறைந்த சுமையிலேயே அது ஊர்ந்து ஊர்ந்து குறுகத் தொடங்கும். ஆகவே பொறியாளர்கள் ஒவ்வொரு தூணுக்கும் ஓர் உச்ச வரம்பு வைப்பார்கள். நம் தூணின் வரம்பு சதுர மீட்டருக்கு 24 டன் என்போம். அதற்குமேல் ஏற்றினால் தூண் உடைந்து விழுவதில்லை. ஆனால் மேற்கொண்டு வரும் சுமையை ஏற்காமல் விட்டுக்கொடுத்துவிடும். விட்டுக்கொடுத்த சுமை எங்கே போகும்? களிமண்ணிடம்தான்.

(1 × 24) + (4 × க) = 40
க = 4

களிமண்மீது 4 டன். அமிழ்வு 40 சென்டிமீட்டர். அதாவது முன் கணக்கைப்போல இரு மடங்கு. தூணின் சுமை கால் பங்கு குறைந்ததற்கே இந்த விளைவு! களிமண்ணின் பங்கு சிறியதாக இருந்ததால், தூண் தள்ளிவிட்ட சிறு சுமையும் அதற்குப் பெரும் பாரமாகிவிட்டது. முதல் கணக்கை மட்டும் நம்பிச் சாலை போட்டவர், பாலத்தின் முனையில் ஒரு பெரிய படிக்கட்டையே கண்டிருப்பார். பாறைமீது நிற்கும் பாலம் அமிழாது. அதை ஒட்டிய மண்கரை மட்டும் அமிழும். பாலத்தில் ஏறும்போது வண்டி 'தடக்' என்று குதிப்பது பல இடங்களில் இதனால்தான்.

சரி, என்ன செய்வது? தூண்களை நெருக்கி நடுவோம். இடைவெளியை 1 மீட்டராக்கினால், கட்டத்தின் பரப்பில் தூணின் பங்கு 0.283, களிமண்ணின் பங்கு 0.717. தூண் தன் வரம்பான 24 டன்னைச் சுமந்தால்,

(0.283 × 24) + (0.717 × க) = 8

இதிலிருந்து க சுமார் 1.7. அமிழ்வு 17 சென்டிமீட்டர். 1.2 மீட்டர் இடைவெளியில் 100 சதுர மீட்டருக்கு 69 தூண்கள் வேண்டியிருந்தன. இப்போது 100 தூண்கள். தூண்கள் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. அமிழ்வோ 40 சென்டிமீட்டரிலிருந்து பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இத்தகைய ஒப்பீட்டைத் தரையில் ஒரு தூணும் நடாமல், தாளிலேயே செய்து பார்க்க முடிகிறது. மாதிரியின் பயனே அதுதான்.

நீர் முதலில் சுமக்கிறது

மண்ணைக் கொட்டிய அன்றே 2 டன், 32 டன் என்று பங்கீடு ஆகிவிடுமா? இல்லை. களிமண்ணின் துளைகளில் நீர் நிறைந்திருக்கிறது. நீரை அமுக்க முடியாது. அது வெளியேறினால்தான் களிமண் குறுகும். களிமண்ணின் துளைகளோ மிக நுண்ணியவை. எனவே கொட்டிய சுமையில் ஒரு பகுதியை முதலில் துளைநீரே தாங்குகிறது. நாட்கள் செல்லச் செல்ல நீர் கசிந்து வெளியேறும். களிமண் சிறிது சிறிதாக அமிழும். அமிழ அமிழச் சுமை தூணுக்கு மாறும். துளைநீரும் மண்துகள்களும் சுமையைப் பங்கிடும் இந்த உண்மையை விளக்கியவர் கார்ல் டெர்சாகி. 1883இல் பிராகா நகரில் பிறந்த அவர் 1925இல் வெளியிட்ட நூலோடு மண் இயக்கவியல் என்ற துறையே பிறந்தது என்பார்கள்.

இதற்கிடையில் தூணிலுள்ள சிமெண்டும் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே வரும். எனவே மண்கரையை ஒரே மூச்சில் எழுப்பாமல் அடுக்கு அடுக்காக, காத்திருந்து எழுப்புகிறார்கள். அவசரப்பட்டால், இன்னும் இறுகாத தூணும் இன்னும் நீர் வடியாத களிமண்ணும் சேர்ந்து கைவிட்டுவிடும்.

மணலுக்குள் ஒரு கமான்

நம் முதல் மாதிரியில் பலகை ஒன்று இருந்தது நினைவிருக்கிறதா? அதுதான் செங்கல்லையும் தலையணையையும் ஒரே அளவு அமுங்கச் செய்தது. உண்மையான மண்கரையின் அடியில் பலகை இல்லை. தளர்ந்த மண்தான் இருக்கிறது. அப்படியானால் களிமண்ணுக்கு நேர்மேலே உள்ள மண்ணின் எடை பக்கத்தில் நிற்கும் தூணின் தலைக்கு எப்படித் தாவுகிறது?

விடை நெல் குதிரில் இருக்கிறது. குதிரில் எவ்வளவு உயரம் நெல் கொட்டினாலும், அடித்தட்டின் மேல் அழுத்தம் ஓர் அளவுக்கு மேல் ஏறுவதில்லை. நெல் கீழே இறங்க முயலும்போது சுவரோடு உராய்கிறது. உராய்வு அதன் எடையைச் சுவரில் ஏற்றிவிடுகிறது. ஜெர்மனியில் யான்சன் என்ற பொறியாளர் 1895இல் தானியக் களஞ்சியங்களை ஆராய்ந்து இதற்கு ஒரு சமன்பாடே எழுதினார்.

டெர்சாகி இதையே மணலில் செய்து காட்டினார். மணல் நிரம்பிய பெட்டியின் அடியில் ஒரு சிறு பொறிக்கதவு. கதவைச் சற்றே கீழிறக்கினார். கதவின் அகலத்தில் நூறில் ஒரு பங்கு போன்ற மிகச் சிறிய இறக்கத்திலேயே, கதவின் மீதிருந்த அழுத்தம் பெருமளவு குறைந்துவிட்டது. மணல் எங்கும் போகவில்லை. அதன் எடை பக்கங்களிலுள்ள அசையாத தரைக்குத் தாவிவிட்டது. மணலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு கமான் கட்டப்பட்டுவிட்டது எனலாம். 1936இல் அவர் இச்சோதனையை வெளியிட்டார்.

மண்கரையின் அடியில் நடப்பதும் இதுவே. தூண்களுக்கு இடையிலுள்ள களிமண்தான் பொறிக்கதவு. அது தூணைவிடச் சற்றுக் கூடுதலாக அமிழும். உடனே மேலே உள்ள மண் தூண்களின் தலைகளைக் கால்களாகக் கொண்டு கமான் கட்டும். ஹியூலெட், ராண்டால்ஃப் என்ற இருவர் 1988இல் இந்தக் கமானைக் கோயில் கவிகையைப் போன்ற அரைக்கோளமாகக் கருதி, தூணுக்கும் தரைக்கும் போகும் பங்கைக் கணக்கிடும் முறையை வகுத்தனர். விறைப்பான கான்கிரீட் முளைகளைத் தள்ளித் தள்ளி நடும்போது இந்த மாதிரி இன்றியமையாதது. சுண்ணாம்புத் தூண்களில் சுமை மாற வேறொரு வழியும் உண்டு. கமானைத் தாண்டிக் களிமண்ணுக்குப் போன சுமையும், களிமண் தூணின் பக்கங்களில் உராய்ந்தபடி இறங்குவதால், வழியிலேயே தூணுக்குக் கைமாறுகிறது. சற்று ஆழம் சென்றதும் இரண்டும் ஒன்றுபோல அமிழத் தொடங்கும். அங்கிருந்து கீழே நம் பலகை மாதிரி செல்லுபடியாகும்.

செய்து பாருங்கள்

சோதனை 1: இரு முனையும் திறந்த, சுமார் 4 சென்டிமீட்டர் குறுக்களவும் 40 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பிளாஸ்டிக் குழாய் ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். சமையலறைத் தராசின் தட்டுக்கு மேலே, ஓர் அரிசியின் தடிப்பைவிடக் குறைவான இடைவெளியில், தட்டைத் தொடாமல் அதைத் தாங்கியில் பொருத்துங்கள். ஒவ்வொரு கிண்ணமாக அரிசியை எடை பார்த்துக் குழாயில் கொட்டுங்கள். கொட்டிய எடையையும் தராசு காட்டும் எடையையும் அட்டவணையில் எழுதி வாருங்கள். முதலில் இரண்டும் ஏறக்குறைய சமமாகச் செல்லும். பிறகு தராசு தயங்கும். கடைசியில் எவ்வளவு கொட்டினாலும் முள் அதிகம் நகராது. மீதி எடை எங்கே? குழாயைப் பிடித்திருக்கும் தாங்கியில்!

சோதனை 2: ஆழமான தட்டில் தடித்த ஸ்பாஞ்சு ஒன்றை வையுங்கள். அதில் சதுர வரிசையில் துளைகள் வெட்டி, ஸ்பாஞ்சின் உயரமே உள்ள தக்கைகளைச் செருகுங்கள். இவைதான் தூண்கள். மேலே மெல்லிய துணியை விரித்து, ஒரு சென்டிமீட்டர் தடிப்புக்கு மணல் பரப்பி, உள்ளங்கையால் மெதுவாக அமுக்குங்கள். தக்கைகளுக்கு நேர்மேலே மேடும், இடையில் பள்ளமும் தெரியும். மணலின் தடிப்பைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் மேற்பரப்பு சமமாகிவிடும். அப்போது மணலின் உயரத்தைத் தக்கைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை இருக்கக் காண்பீர்கள். தூண்களை அகல நட்டுவிட்டு, மேலே தாழ்ந்த கரை போட்டால், சாலை முழுதும் சிறு சிறு மேடுகளாக எழும்புவதன் காரணம் இதுவே.

ஓரத்தில் நிற்கும் தூண்

அலகுக் கட்டம் என்ற அருமையான மாதிரி ஓர் இடத்தில் நம்மை ஏமாற்றிவிடும். கரையின் நடுவில் ஒவ்வொரு கட்டமும் ஒன்றுபோலவே இருக்கும். பக்கவாட்டில் தள்ளுபவர் யாரும் இல்லை. ஆனால் கரையின் சரிவுக்குக் கீழே நிலைமை வேறு. அங்கே மண்கரை கீழ்நோக்கி அமுக்குவதோடு வெளிப்புறமாகவும் தள்ளுகிறது. அங்குள்ள தூண் நெடுக்கு வாட்டத்தில் நசுங்குவதற்கு முன்பே வளைந்து முறியலாம். சுண்ணாம்பு-சிமெண்டுத் தூணைச் சாக்குக்கட்டி போல எண்ணிக் கொள்ளுங்கள். அதை நட்டு நிறுத்தி அமுக்கினால் தாங்கும். வளைத்தால் 'டக்' என்று ஒடியும்.

மேலும் ஓர் ஆபத்து: ஓரத் தூண் ஒன்று முறிந்தால், அது சுமந்த பங்கு அடுத்த தூணுக்குப் போகும். அதுவும் முறிந்தால் அதற்கடுத்ததற்கு. எல்லாத் தூண்களும் ஒரே நேரத்தில் முழு வலிமையோடு எதிர்த்து நிற்கும் என்று கூட்டிப் பார்ப்பது தவறான கணக்காகிவிடும். ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் சிறு மாதிரிகளை மையவிலக்கு எந்திரத்தில் சுழற்றி இதைக் கண்டனர். ஏன் சுழற்ற வேண்டும்? ஐம்பதில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரியில் மண்ணின் எடை தரும் அழுத்தமும் ஐம்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். புவியீர்ப்பைப் போல 50 மடங்கு வேகவளர்ச்சி தந்து சுழற்றினால், உண்மையான கரையின் அழுத்தம் சிறு பெட்டிக்குள்ளேயே வந்துவிடும்.

இதற்கு மருந்து என்ன? ஓரங்களில் தூண்களைத் தனித்தனியே நடாமல், ஒன்றோடொன்று சற்றுக் கவ்வும்படி, சாலைக்குக் குறுக்காகச் சுவர்போல நடுவார்கள். தனி ஆட்களாக நின்றவர்கள் கைகோத்து நிற்பதைப் போன்றது இது.

ரயிலையே துரத்திய அலை

தூண்கள் வேறொரு வகையிலும் உதவிய கதை உண்டு. ஸ்வீடனின் கோட்டன்பர்க் நகருக்குத் தெற்கே லெட்ஸ்கோர்ட் என்ற இடத்தில் ரயில் பாதை மிக மென்மையான மண்ணின் மேல் செல்கிறது. 1997இல் எக்ஸ்-2000 என்ற விரைவு ரயிலை அங்கே பல வேகங்களில் ஓட்டிப் பார்த்தனர். வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரை நெருங்கியபோது தரையின் அதிர்வு பன்மடங்கு பெருகியது. அந்த வேகம் நொடிக்குச் சுமார் 56 மீட்டர். அந்த மென்மண்ணில் அலை பரவும் வேகமும் ஏறக்குறைய அதுவே! தான் எழுப்பிய அலையின் மேலேயே ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 2000ஆம் ஆண்டில் பாதையின் அடியில் சுண்ணாம்பு-சிமெண்டுத் தூண்கள் அமைக்கப்பட்டன. தரை விறைப்பானது, அலையின் வேகம் கூடியது, அதிர்வும் வெகுவாகக் குறைந்தது.

கணிப்பொறி வந்த பின்னும்

இன்று பொறியாளர்கள் கரையையும் தூணையும் களிமண்ணையும் ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் சமநிலையையும் கணிப்பொறியில் கணக்கிடுகிறார்கள். கமான் உருவாவதையும், நீர் கசிவதையும், ஓரத் தூண் வளைவதையும் படமாகவே பார்க்க முடிகிறது. எனினும் கணிப்பொறிக்கு நாம் கொடுக்கும் எண்கள் தவறானால், அது தரும் விடையும் தவறாகவே இருக்கும். தூண் 16 மடங்கு விறைப்பு என்று நாம் எளிதாக எழுதிவிட்டோம். மண்ணுக்குள் பொடி எங்கும் ஒரே சீராகவா கலந்திருக்கும்? ஆகையால் தூண்களை அமைத்த பின்பு, அவற்றினூடே துளைகோல்களைச் செலுத்தி வலிமையைச் சோதிக்கிறார்கள். அழுத்த மானிகளைத் தூணின் தலையிலும் களிமண்ணின் மேலும் புதைத்து, சுமை எப்படிப் பிரிந்தது என்று மாதக் கணக்கில் கவனிக்கிறார்கள். அளந்த எண் தங்கள் கணக்கோடு பொருந்தாவிட்டால் மண்ணைக் குறை சொல்வதில்லை, மாதிரியைத் திருத்துகிறார்கள்.

கணிப்பொறி பக்கம் பக்கமாக விடை தந்தாலும், அனுபவமிக்க பொறியாளர் ஒருவர் தாளின் ஓரத்தில் நம்முடைய '20க = 40' போன்ற சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பார். இரண்டும் ஏறக்குறைய ஒத்து வந்தால்தான் அவருக்கு நிம்மதி.

அடுத்த முறை பாலத்தை நெருங்கும்போது பேருந்து 'தடக்' என்று குதித்தால், சலித்துக்கொள்ளாதீர்கள். சாலைக்கு அடியில் தரை எவ்வளவு அமிழ்ந்திருக்கும், அந்தச் சுமையை அங்கே யார் சுமக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

சிந்தியுங்கள்

1. நம் எடுத்துக்காட்டில், செலவைக் குறைக்கத் தூண்களின் இடைவெளியை 1.5 மீட்டராக்கினால், கட்டத்தில் தூணின் பங்கு ஏறக்குறைய எட்டில் ஒன்றாகும். தூணின் வரம்பு 24 டன். களிமண் எவ்வளவு அமிழும்?

2. தூணின் விறைப்பை 16 மடங்கிலிருந்து 32 மடங்காக்கி, வரம்பை 24 டன்னாகவே வைத்தால், 1.2 மீட்டர் இடைவெளியில் அமிழ்வு குறையுமா?

3. சோதனை 1இல் குழாயின் உட்புறத்தில் எண்ணெய் தடவினால் தராசின் முள் கூடுதலாகக் காட்டுமா, குறைவாகக் காட்டுமா?

விடைகள்: 1. க சுமார் 5.7 டன்; அமிழ்வு ஏறக்குறைய 57 சென்டிமீட்டர். 2. குறையாது, தூண் ஏற்கெனவே வரம்பை எட்டிவிட்டது. விறைப்பு மட்டும் போதாது, வலிமையும் வேண்டும். 3. கூடுதலாகக் காட்டும், உராய்வு குறைவதால் சுவரின் பங்கு குறைகிறது.